சிறிய குளியலறையில் மூலை ஷவர்: எதைத் தேர்ந்தெடுப்பது, கசியாமல் எப்படிக் கட்டுவது?

ஒன்றரை மீட்டர் அகலமும் 2.1 மீட்டர் நீளமும் உள்ள குளியலறையில், கதவுக்கு எதிர்ப்புற மூலையில் 90-க்கு 90 செ.மீ. கண்ணாடி ஷவர் வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சதுரம் நல்லதா, முகப்பு வளைந்தது நல்லதா; டைல்ஸ் இடைவெளிகளை நிரப்ப எபாக்ஸி கிரவுட் போட்டுவிட்டால் தனியாக வாட்டர்ப்ரூஃபிங் வேண்டுமா; பழைய டைல்ஸை உடைக்காமல் முடிக்க முடியுமா என்பவை மற்ற கேள்விகள். கீழ்த்தளத்தில் வேறொரு குடும்பம் இருப்பதையும் சொல்லியிருக்கிறீர்கள். அந்தக் கடைசித் தகவல்தான் என் பதிலின் பெரும்பகுதியைத் தீர்மானிக்கிறது.

சுருக்கமாக: வைக்கலாம். எபாக்ஸி கிரவுட் வாட்டர்ப்ரூஃபிங்குக்கு மாற்று ஆகாது. அந்த மூலையையாவது உடைத்துத்தான் ஆக வேண்டும்.

பெரும்பாலோர் கண்ணாடியை முதலில் பிடித்துப்போய் வாங்கிவிட்டு, பிறகு அதற்கேற்ப மூலையைத் தயார் செய்யச் சொல்கிறார்கள். வரிசை தலைகீழ். முதலில் கழிவுநீர்க் குழாய், அப்புறம் கதவு திறக்கும் இடம், அப்புறம் தரை, கடைசியில்தான் கண்ணாடி.

குழாயில் தொடங்குவோம். ஷவருக்குக் கீழிருந்து செல்லும் குழாய் 50 மி.மீ. இருப்பது நல்லது. அதற்கு மீட்டருக்கு 2 செ.மீ. வாட்டம், அதாவது சரிவு, தேவை. இருக்கும் குழாயிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி ஷவர் வைத்தால் குழாய்க்கு மட்டும் 3 செ.மீ. ஆழம் போகும். அதன் மேல் ட்ராப்பின் உயரம் வேறு. ட்ராப்பில் 5 செ.மீ. தண்ணீர் எப்போதும் நிற்க வேண்டும். அதுதான் சாக்கடை நாற்றத்தை மேலே வரவிடாமல் தடுக்கிறது. மாடித் தளத்தில் ஸ்லாபுக்கும் தரைக்கும் நடுவே இவ்வளவு ஆழம் கிடைக்காவிட்டால், ஷவர் தரையை உயர்த்த வேண்டியிருக்கும். எனவே எந்த மூலை அழகு என்பதைவிட எந்த மூலை குழாய்க்கு அருகில் என்று பாருங்கள். பெரிய மழை ஷவர் மாட்டும் ஆசை இருந்தால், அது நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் கொட்டும், தரை வடிகால் எத்தனை லிட்டர் இழுக்கும் என்ற இரண்டு எண்களையும் ஒப்பிடுங்கள். இரண்டாவது எண் பெரிதாக இருக்க வேண்டும்.

அடுத்தது இடக்கணக்கு. 150 செ.மீ. அகலத்தில் 90 போனால் பக்கத்தில் 60 மிஞ்சும். அந்த 60-ல் என்ன வரப்போகிறது என்று இப்போதே முடிவு செய்யுங்கள். டாய்லெட் அங்கே வராது. அதன் நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் 38 செ.மீ. வீதம் 76 வேண்டும். சிறிய வாஷ்பேசின் வரும். டாய்லெட்டை ஷவர் இருக்கும் அதே நீளச் சுவரில், கண்ணாடியிலிருந்து 40 செ.மீ. தள்ளி நடுக்கோடு வருமாறு வைத்தால், அதன் முன்னால் நடக்க ஏறத்தாழ 80 கிடைக்கும். அது போதும்.

பேசின் வேறு இடத்தில்தான், அந்த 60 செ.மீ. சும்மா கிடக்கப்போகிறது என்றால், மூலை ஷவர் என்ற எண்ணத்தையே விட்டுவிடச் சொல்வேன். அறையின் முழு அகலத்தையும் எடுத்துக்கொண்டு, சுவரிலிருந்து 80 செ.மீ. தள்ளி, 90 செ.மீ. அகலத்தில் ஒரே ஒரு அசையாத கண்ணாடியைக் குறுக்கே நிறுத்துங்கள். மீதி 60 நுழைவழி. குளிக்க இடம் கூடும், கதவே வேண்டாம், துடைக்க வேண்டிய மடிப்புகளும் குறையும். கேட்ட கேள்விக்கு வெளியே போகிறேன் என்று தெரியும். ஆனால் இந்த அளவுள்ள அறைக்கு நான் முதலில் யோசிப்பது இதைத்தான்.

சரி, மூலை ஷவர்தான் என்று வைத்துக்கொள்வோம். 80-க்கு 80 போதுமா என்றால், குளிக்கலாம், ஆனால் முழங்கை இடிக்கும். அமெரிக்கக் குடியிருப்புக் கட்டட விதிகள் உள்ளளவு 30 அங்குலத்துக்கு, அதாவது 76 செ.மீ.க்குக் குறையக் கூடாது என்கின்றன. பெட்டியில் 80 என்று எழுதியிருப்பது வெளியளவு. கண்ணாடியைப் பிடிக்கும் சட்டம் போக உள்ளே கிடைப்பது அந்த எல்லையை ஒட்டி வந்துவிடும். 90 கிடைக்கிற இடத்தில் 80-ஐ வாங்காதீர்கள்.

வளைந்த முகப்பா, சதுரமா என்பதற்கு ஒரு சின்னக் கணக்கே பதில் சொல்லும். 90 அளவுள்ள வளைவு ஷவர்களில் வளைவின் ஆரம் வழக்கமாக 55 செ.மீ. சதுரத்தோடு ஒப்பிட்டால் நீங்கள் இழப்பது தரைப்பரப்பில் 8 சதவீதம்தான். ஆனால் அறைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் முனை 23 செ.மீ. பின்வாங்குகிறது. உங்கள் அறையில் நடக்கும் வழி அந்த முனையைச் சுற்றித்தான் போகிறது என்பதால், 8 சதவீதத்தைக் கொடுத்து 23 செ.மீ. வாங்குவது நல்ல பேரம். முனையை நேராக வெட்டிய ஐந்து பக்க வடிவமும் இதே வேலையைச் செய்யும். வளைந்த கண்ணாடி உடைந்தால் அதே ஆரத்தில் மாற்றுக் கண்ணாடி தேட வேண்டும், நேர்க் கண்ணாடி எங்கேயும் கிடைக்கும் என்பது அதன் பக்கத்து நியாயம்.

கதவு விஷயத்தில் ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்: உள்பக்கமாக மட்டுமே திறக்கும் கீல்கதவு வேண்டாம். உள்ளே ஒருவர் வழுக்கி விழுந்து கதவை அடைத்தபடி கிடந்தால், வெளியிலிருந்து திறக்க வழியிருக்காது. வெளியே திறக்கும் கதவு என்றால் அதன் அகலத்துக்குச் சமமான காலியிடம் முன்னால் வேண்டும். உங்கள் அறையில் அது பேசினிலோ டாய்லெட்டிலோ போய் இடிக்கும். ஆக, மிஞ்சுவது தள்ளுகதவு. அதில் பார்க்க வேண்டியது உண்மையான நுழைவழி. வளைவு ஷவர்களில் இரு கதவுகளையும் முழுக்கத் தள்ளிய பிறகும் சில மாடல்களில் 45 செ.மீ.கூடத் தேறாது. 55-க்கு மேல் கிடைப்பதைத் தேடுங்கள். கீழ்ச் சக்கரத்தை ஓர் அழுத்தில் கழற்றிக் கதவைச் சாய்த்துத் துடைக்க முடிகிற மாடல் நல்லது. இல்லையென்றால் தண்டவாளத்தில் சேரும் அழுக்கை எடுக்கவே முடியாது.

ஷவர் தலை அசையாத கண்ணாடியைப் பார்க்கட்டும், கதவைப் பார்க்க வேண்டாம். தினமும் நேரடியாக அடிக்கும் நீரைத் தாங்கும் ரப்பர் சீல் எதுவும் இல்லை. குழாய்த் திருகு, நனையாமல் வெளியிலிருந்தே கை நீட்டித் திறக்கும் இடத்தில் இருக்கட்டும்.

தரைக்கு இரண்டு வழிகள்: ரெடிமேட் ஷவர் ட்ரே, அல்லது கட்டிய டைல்ஸ் தரை. கீழே ஆள் இருக்கும் வீட்டில், அளவு ஒத்துவருமானால், நான் ட்ரேவைத்தான் சொல்வேன். தரை முழுக்க ஒரே துண்டு; இணைப்பு ஓரங்களில் மட்டும்தான். கல்தூளும் ரெசினும் கலந்து வார்த்த ட்ரே கனமானது, அசையாது. மெல்லிய அக்ரிலிக் ட்ரே மிதிக்கும்போது சற்றுத் தாழும். அந்த அசைவு ஓர சிலிக்கானைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிய்த்துவிடும். எந்த ட்ரே ஆனாலும் அடியில் வெற்றிடம் இல்லாமல் முழுக் கலவைப் படுக்கையில் உட்கார வேண்டும். நான்கு மூலையில் நான்கு கரண்டி கலவை வைத்து அழுத்துவது வேலைக்கு ஆகாது. ட்ரேவின் விளிம்பு சுவரோடு சேரும் இடத்தில் டைல்ஸ் அதன் மேல் இறங்கி வர வேண்டும். டைல்ஸ் ஒட்டிய பிறகு ட்ரேவைத் தள்ளி வைத்து இடைவெளியைச் சிலிக்கானால் அடைப்பது பின்னால் தொல்லை தரும். ட்ரே வைத்தாலும் அதன் அடித்தரைக்கும் சுவருக்கும் வாட்டர்ப்ரூஃபிங் தேவைதான். ஆனால் தவறு நடந்தால் தாங்கிக்கொள்ள இன்னொரு அரண் இருக்கும்.

இப்போது முக்கியமான பகுதிக்கு வருவோம். டைல்ஸ் தண்ணீரை விடாது. டைல்ஸ் போட்ட தரை விடும். சிமெண்ட் கிரவுட் நீரை உறிஞ்சும். எபாக்ஸி கிரவுட் உறிஞ்சாது, கறை பிடிக்காது, அதுவரை உண்மை. ஆனால் வீடு வெப்பத்திலும் எடையிலும் மெல்ல அசையும்போது சுவரும் தரையும் சேரும் கோட்டில் எந்த விறைப்பான கிரவுட்டும் மயிரிழை விரிசல் விடும். குழாய் வெளிவரும் துளை, வடிகால் ஓரம் ஆகியவற்றுக்கும் எபாக்ஸி பொறுப்பேற்காது. இன்னொன்றும் உண்டு: ஒரு விரிசலில் உள்ளே போன நீர், மற்ற இடங்களெல்லாம் எபாக்ஸியால் இறுக மூடியிருப்பதால் மேல்வழியாகக் காய முடியாது. அடியில்தான் வழி தேடும்.

எனவே நீரைத் தடுக்க வேண்டியது டைல்ஸுக்குக் கீழே உள்ள வாட்டர்ப்ரூஃபிங் படலம். அந்தப் படலமும் வாட்டத்தில் இருக்க வேண்டும். அடிக்கடி நடப்பது என்னவென்றால், மட்டமான ஸ்லாபில் வாட்டர்ப்ரூஃபிங் பூசிவிட்டு, அதன் மேல் தடிமனான கலவையால் வாட்டம் பிடித்து டைல்ஸ் ஒட்டுவார்கள். மேலே பார்க்க எல்லாம் சரியாக இருக்கும். கலவைக்குள் இறங்கிய நீரோ மட்டமான படலத்தில் போக்கிடம் இன்றித் தேங்கி நிற்கும். சில மாதங்களில் ஓர டைல்ஸ் கறுக்கும், ஒருவித மக்கிய வாடை வரும், பக்கத்துச் சுவரில் ஓதம் ஏறும். சரியான வரிசை இதுதான்: ஸ்லாப், வாட்டமான கலவைத் தளம், படலம், டைல்ஸ் பசை, டைல்ஸ்.

வாட்டம் 2 சதவீதம். 90 செ.மீ. ஷவரின் நடுவில் வடிகால் இருந்தால் சுவரோரத்திலிருந்து 9 மி.மீ. இறக்கம், மூலையிலிருந்து ஏறக்குறைய 13. வடிகாலைப் பின்மூலைக்குக் கொண்டுபோனால் எதிர்மூலையிலிருந்து 25 மி.மீ. இறக்கம் தேவை. நடு வடிகால் என்றால் நாலாபுறமும் சரிவு வேண்டும். பெரிய டைல்ஸ் அப்படி மடங்காது, 5 செ.மீ. அளவுள்ள சிறு சதுரங்கள்தான் ஒத்துவரும். பெரிய டைல்ஸ்தான் பிடிக்கும் என்றால் சுவரை ஒட்டி நீள வடிகால் வைத்து ஒரே பக்கமாகச் சரியுங்கள். ரசமட்டத்தை நான்கு இடத்தில் வைத்துப் பார்ப்பதோடு, ஒரு குவளை நீரை மூலைகளில் ஊற்றி அது எங்கே ஓடுகிறது என்றும் பாருங்கள். டைல்ஸ் போட்ட பிறகு பார்த்துப் பயனில்லை.

படலத்தில் மூன்று வகை. தூளும் திரவமும் கலந்து பூசும், வளையக்கூடிய சிமெண்ட் பூச்சு, தூரிகையால் பூசும் ரப்பர் போன்ற திரவம், ஒட்டும் ஷீட். இவற்றில் குழப்பம் வருவது ஈரத்தில். சிமெண்ட் வகைக்குச் சுவர் ஈரமாக, ஆனால் நீர் மினுக்காமல் இருக்க வேண்டும். காய்ந்த சுவர் பூச்சின் நீரை உறிஞ்சிப் பொடியாக்கிவிடும். அக்ரிலிக், பாலியூரித்தேன் வகைகளுக்கு அடித்தளம் உலர்ந்திருக்க வேண்டும். ஈரத்தில் பூசினால் கொப்புளித்து உரியும். ஒன்றின் வழக்கத்தை மற்றொன்றில் செய்தால் இரண்டும் கெடும். வாளியில் எழுதியிருப்பதைக் கொத்தனாரிடம் படித்துக் காட்டுங்கள், தயங்க வேண்டாம். செங்கல், கான்கிரீட் சுவர் என்றால் நான் சிமெண்ட் வகையைத் தேர்வேன். பலகைச் சுவர் என்றால் திரவமோ ஷீட்டோ. ஜிப்சம் பலகை ஷவர் பகுதியில் இருக்கவே கூடாது. சிமெண்ட் பலகை நனைந்தால் கெடாது, ஆனால் நீரை ஊடுருவ விடும். அதன் மேலும் படலம் வேண்டும்.

கசிவுகள் பெரும்பாலும் தரையின் நடுவில் வருவதில்லை. இரண்டு சுவரும் தரையும் சந்திக்கும் புள்ளி, நீர் வெளியேறாமல் ஷவர் விளிம்பில் கட்டும் தடுப்புத் திண்டு சுவரோடு சேரும் இரண்டு முனைகள், வடிகாலின் கழுத்து, சுவரில் குழாய் வெளிவரும் துளைகள்: இங்கேதான். முதல் பூச்சுக்கு முன்பே இந்த இடங்களில் நாடா பதிக்க வேண்டும். சுவர்–தரைக் கோட்டை 2 செ.மீ. அளவுக்குக் கலவையால் உருட்டிவிட்டு, பூச்சுக்குள் வலைநாடாவை அழுத்திப் பதிப்பது சிமெண்ட் வகைக்கு நல்லது. மூன்று தளம் கூடும் மூலைக்கென்றே வார்த்த துண்டுகள் விற்கிறார்கள். நாடாவை மடித்து வெட்டி ஒப்பேற்றுவதைவிட அது பாதுகாப்பு. வடிகால் வாங்கும்போது, படலத்தை ஒட்டவோ இறுக்கிப் பிடிக்கவோ அகலமான விளிம்பு உள்ளதை வாங்குங்கள். வெறும் பிளாஸ்டிக் குழாயின் வழவழப்பான வெளிப்புறத்தில் பூச்சு காலப்போக்கில் விலகிக்கொள்ளும்.

திண்டைச் செங்கல்லோ கான்கிரீட்டோ கொண்டு, படலத்துக்கு முன்பே கட்டிவிட வேண்டும். வடிகால் மட்டத்திலிருந்து 5 செ.மீ.யாவது உயரம் இருக்கட்டும். அதன் மேல்முகம் உள்நோக்கிச் சற்றுச் சரிந்திருக்க, படலம் அதன் மேல் ஏறி, வெளிமுகத்தில் இறங்கி, அறைத் தரையில் தொடர வேண்டும்.

சுவரில் எவ்வளவு உயரம்? ஆஸ்திரேலியாவின் ஏஎஸ் 3740 தரம் ஷவர் சுவர்களுக்குத் தரையிலிருந்து 1.8 மீட்டர் என்கிறது. ஷவர் தலை அதைவிட மேலே இருந்தால் அதைத் தாண்டிப் போங்கள். கண்ணாடி முடியும் கோட்டோடு நிறுத்தாமல் பக்கவாட்டில் 15 செ.மீ. கூடுதலாகப் பூசுங்கள். அறையின் மற்றத் தரைக்கும் சுவரடியில் 15 செ.மீ. உயரத்துக்கும் சேர்த்தே செய்துவிடுவது நல்லது. குளியலறை வாசற்படியை மறக்காதீர்கள். அது நிறைய வீடுகளில் விட்டுப்போகிறது.

இரண்டு பூச்சு, ஒன்று கிடையாக, அடுத்தது நெடுக்காக. இரண்டுக்கும் வேறுவேறு நிறம் கிடைத்தால் விட்டுப்போன இடம் தானே தெரியும். தடிமன் சரிதானா என்று அறிய எளிய வழி: சதுர மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வாளியில் இருக்கும். உங்கள் ஷவருக்குத் தரையும் இரு சுவர்களும் சேர்த்துச் சுமார் 4 சதுர மீட்டர், ஓரங்கள் தனி. பெருக்கிப் பாருங்கள். வேலை முடிந்து வாளியில் கணிசமாக மிஞ்சினால் அது சிக்கனம் இல்லை; படலம் மெல்லிசாகிவிட்டது.

படலம் முழுக்க இறுகிய பிறகு, டைல்ஸுக்கு முன், தண்ணீர் தேக்கிப் பாருங்கள். வடிகாலுக்குள் ஊதி இறுக்கும் அடைப்பான் வையுங்கள். துணியை அடைத்தால் அதன் வழியாகவே நீர் இறங்கி வீண் பீதி வரும். திண்டைத் தாண்டாத அளவுக்கு நீர் விட்டு, மட்டத்தைச் சுவரில் கோடு போடுங்கள். 90-க்கு 90 பரப்பில் 5 செ.மீ. ஆழம் என்றால் 40 லிட்டர். பக்கத்திலேயே ஒரு வாளியில் நீர் வைத்து அதிலும் கோடு போடுங்கள். குறைந்தது 24 மணி நேரம் விடுங்கள். வாளியில் குறைந்த அளவே ஷவரிலும் குறைந்திருந்தால் அது ஆவியானது. அதைவிட அதிகம் குறைந்தால் கசிவு. கீழ்வீட்டாரிடம் முன்பே சொல்லிவிட்டு, தொடக்கத்திலும் முடிவிலும் அவர்கள் கூரையை ஒருமுறை பாருங்கள். அவசரம் என்று சொல்லி இதைத் தவிர்க்கப் பார்ப்பவரிடம் வேலையைத் தொடர விடாதீர்கள்.

அதற்கடுத்த நாள்களில் ஆபத்து, படலத்தின் மேல் நடக்கும் பூட்ஸும் விழும் கரணையும்தான். அட்டை விரித்து வையுங்கள். டைல்ஸ் பசையைப் பற்கள் உள்ள கரண்டியால் முழுக்கப் பரப்ப வேண்டும். ஈரப்பகுதியில் டைல்ஸின் பின்பக்கம் 95 சதவீதம் பசை பிடித்திருக்க வேண்டும் என்பது தொழில் வழக்கம். ஒன்றிரண்டை ஒட்டியவுடன் பிடுங்கிப் பாருங்கள். சுவரும் சுவரும், சுவரும் தரையும் சேரும் கோடுகளில் கிரவுட் வேண்டாம், பூஞ்சை பிடிக்காத சிலிக்கான் மட்டும். மற்ற இடங்களில் எபாக்ஸி போடுங்கள், அங்கே அது உண்மையிலேயே நல்லது.

கண்ணாடியை இப்போதுதான் அளக்க வேண்டும். கீழே, நடுவே, மேலே என மூன்று உயரத்தில் அளங்கள். மூலை செங்கோணம்தானா என்று பார்க்க, ஒரு சுவரில் 60, மறு சுவரில் 80 செ.மீ. குறித்துக் குறுக்கே அளந்தால் 100 வர வேண்டும். சட்டம் உள்ள மாடல்கள் ஒன்றிரண்டு செ.மீ. கோணலைச் சமாளிக்கும், சட்டமில்லாத கண்ணாடி சமாளிக்காது. கடினப்படுத்திய கண்ணாடியைத் தயாரித்த பிறகு வெட்டவோ துளைக்கவோ முடியாது என்பதால் அளவுப் பிழைக்கு மருந்தில்லை. சட்டத்தோடு 6 மி.மீ. போதும், சட்டமில்லாமல் என்றால் 8. தடிமன் கூடினால் எடையும் கூடும்: 8 மி.மீ.யில் 90 செ.மீ. அகலம், 2 மீட்டர் உயரமுள்ள துண்டு 36 கிலோ.

மாட்டுபவரிடம் இரண்டே விஷயம் சொல்லுங்கள். திண்டின் மேல் துளையிடக் கூடாது. கீழ்ச்சட்டத்தைச் சிலிக்கானால் ஒட்டினால் போதும். சுவரில் துளையிட்டே ஆக வேண்டும், அங்கே பிளக் செருகும் முன் துளைக்குள் சிலிக்கான் நிரப்பட்டும். சட்டமுள்ள பெரும்பாலான மாடல்களில் வெளிப்பக்கம் மட்டுமே சிலிக்கான் போட வேண்டும். உள்ளேயும் அடைத்துவிட்டால், சட்டத்துக்குள் புகுந்த நீர் ஷவருக்குத் திரும்ப வழியின்றி வெளியே ஒழுகும். அப்புறம் ஒரு முழுநாள் தண்ணீர் படக் கூடாது.

கடைசிக் கேள்வி, உடைக்காமல் முடியாதா? பழைய டைல்ஸ் மேல் பூசும் படலங்கள் இருக்கின்றன. இணைப்புகளில் இறங்கும் தெளிவான திரவங்களும் இருக்கின்றன. மயிரிழை விரிசலுக்கு அவை கொஞ்ச காலம் தாங்கும். ஆனால் தட்டையான வாட்டத்தையோ, வடிகால் கழுத்தையோ, டைல்ஸ் மேல் வெறுமனே வைத்துக் கட்டிய திண்டையோ அவை சரிசெய்யாது. குறைந்தபட்சம் ஷவர் தரையும் இரு சுவர்களில் 1.8 மீட்டர் உயரமும், அதைத் தாண்டி 30 செ.மீ. ஓரமும் உடைபட வேண்டும். அந்த ஓரத்தில் பழைய படலம் வளையும் நிலையில் இருந்தால் புதியதை அதன் மேல் 15 செ.மீ. ஏற்றி இணைக்கலாம். கையால் தொட்டால் பொடியாக உதிர்ந்தால் அறைத் தரை முழுவதையும் எடுத்தாக வேண்டும். உடைத்த பிறகுதான் இது தெரியும் என்பதால், கொத்தனாரிடம் பேசும்போதே மூலைக்கு ஒரு தொகை, முழுத் தரைக்கு ஒரு தொகை என்று இரண்டையும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.